தோல் வாஷரில் தொடங்கிய கதை: லோடர் சிலிண்டரின் 200 வருட வரலாறு

ஆம்பூர் என்றதும் முதலில் பிரியாணி ஞாபகம் வரும். அடுத்து தோல், ஷூ. டிராக்டர் யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் பழைய டிராக்டரின் முன்னால் மாட்டியிருக்கும் லோடருக்கும் தோலுக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. லோடரின் கையைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர் உலகத்தில் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்ததே ஒரு துண்டுத் தோலால்தான்!

ஒரு பழைய லோடர் பழுதாகும்போது என்ன நடக்கிறது? அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ராத்திரி பக்கெட்டைத் தூக்கிய நிலையிலேயே விட்டுவிட்டுப் போகிறார் டிரைவர். காலையில் வந்து பார்த்தால் பக்கெட் தரையில் கிடக்கிறது. யாரும் லீவரைத் தொடவில்லை. சிலிண்டரின் பளபளப்பான ராடு முழுக்க எண்ணெய்ப் பசை. அதில் புழுதி ஒட்டிக் கறுத்துப் போயிருக்கிறது. மெக்கானிக் பார்த்ததுமே சொல்லிவிடுவார், "சீல் போச்சு" என்று. சிலிண்டரைக் கழற்றிப் பிரித்தால் உள்ளே இருந்து வருவது சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத ஒரு ரப்பர் வளையம். ஓரம் கிழிந்திருக்கும், அல்லது கல் மாதிரி இறுகியிருக்கும். டன் கணக்கில் தூக்கும் மெஷினைப் படுக்க வைத்தது இந்த வளையம்தான்.

இன்றைக்கு அந்த இடத்தில் ரப்பர். 1790களில் அந்த இடத்தில் இருந்தது தோல். தோல் எப்படி அங்கே போனது, ஏன் வெளியே வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சிலிண்டர் எப்படி எடை தூக்குகிறது?

பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 1650களில் ஒரு விதியைச் சொன்னார். மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தின் மேல் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அது குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான்.

இதைக் கணக்காகப் பார்த்தால் ஆச்சரியம் புரியும். 50 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிஸ்டனின் பரப்பு சுமார் 19.6 சதுர சென்டிமீட்டர். எண்ணெயின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ என்றால், பிஸ்டனைத் தள்ளும் விசை 1,960 கிலோ. ஏறக்குறைய 2 டன்! டம்ளர் வாய் அளவுக்கு ஒரு பிஸ்டன், 2 டன் தள்ளுகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை. எண்ணெய் பிஸ்டனின் ஓரமாக நழுவிப் போகக்கூடாது. பிஸ்டன் சிலிண்டருக்குள் வழுக்கிப் போக வேண்டும் என்றால் நடுவில் மெல்லிய இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளி வழியாகத்தான் எண்ணெய் தப்பிக்கப் பார்க்கும். அழுத்தம் கூடக் கூட, தப்பிக்கும் வேகமும் கூடும். பாஸ்கல் விதி சொன்ன பிறகு 140 வருடம் அது பெரிய மெஷினாக மாறாமல் இருந்ததற்கு இந்த ஒழுகல் ஒரு முக்கியமான காரணம்.

வாரம் 30 ஷில்லிங் சம்பளக்காரர்

இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்று ஒருவர் இருந்தார். பூட்டு செய்வதில் பெயர் பெற்றவர். 1795ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு சின்ன பம்பை அடித்து, பெரிய சிலிண்டரில் பல மடங்கு விசையை எடுக்கும் மெஷின் அது. இன்று கார் தூக்கும் ஜாக்கியில் இருந்து லோடர் வரைக்கும் எல்லாவற்றுக்கும் அதுதான் பாட்டன்.

காப்புரிமை கிடைத்துவிட்டது, ஆனால் மெஷின் ஒழுகியது. ராடைச் சுற்றி அடைப்பை இறுக்கமாகத் திணித்தால் எண்ணெயோ தண்ணீரோ ஒழுகாது, ஆனால் ராடு சிக்கிக்கொண்டு திரும்பி வராது. தளர்த்தினால் ராடு நகரும், ஆனால் ஒழுகும். இரண்டுக்கும் நடுவில் வழியே இல்லை.

வழி கண்டுபிடித்தவர் பிராமாவின் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்று சொல்லப்படுகிறது. அவர் செய்தது எளிமையானது. தோலை நனைத்து, அச்சில் அழுத்தி, ஓரம் மடிந்த வளையமாக, கிண்ணத்தின் விளிம்பு மாதிரி வளைத்தார். விளிம்பின் திறந்த பக்கம் அழுத்தம் வரும் திசையைப் பார்த்து இருக்கும்படி பொருத்தினார். அழுத்தம் வரும்போது அது விளிம்புக்குள் புகுந்து தோலை விரித்து, ராடோடும் சுவரோடும் ஒட்ட வைக்கும். அழுத்தம் கூடினால் பிடி இறுகும். அழுத்தம் போனால் பிடி தானாகத் தளரும், ராடு சுலபமாகத் திரும்பி வரும்.

யோசித்துப் பாருங்கள். ஒழுக வைக்கும் அழுத்தத்தைக் கொண்டே ஒழுகலை அடைப்பது! இதைப் புரிந்துகொள்ள லண்டன் போக வேண்டாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பழைய கைப்பம்பைப் பிரித்துப் பார்த்தால் போதும். ராடின் நுனியில் கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர் இருக்கும். கீழே தள்ளும்போது விரியும், மேலே இழுக்கும்போது சுருங்கும். பம்பு காற்றுப் பிடிக்கவில்லை என்றால் வாஷரில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு, விரலால் விரித்து விடுவார்கள். அதே தத்துவம்தான்.

இதில் ஒரு சோகமும் உண்டு. மாட்ஸ்லேவுக்கு அங்கே சம்பளம் வாரம் 30 ஷில்லிங். குடும்பம் பெருகியது, கூட்டிக் கேட்டார், பிராமா மறுத்துவிட்டார். 1797ல் வேலையை விட்டு வந்து சொந்தப் பட்டறை வைத்தார். மரை வெட்டும் லேத்தைத் துல்லியமான மெஷினாக மாற்றிய பெருமை அவருக்கு உண்டு. இன்றும் லோடர் சிலிண்டர் பழுதானால் முதலில் போகும் இடம் லேத்துப் பட்டறைதான். அதாவது சீலும் அவருடையது, சீல் உட்காரும் பள்ளத்தை வெட்டும் லேத்திலும் அவர் கை இருக்கிறது. ஆனால் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு இன்றும் பிராமா பிரஸ் என்றுதான் பெயர்!

ஏன் தோல்?

அன்றைக்குத் துணி இருந்தது, சணல் கயிறு இருந்தது, ஈயம் இருந்தது. அவற்றை எல்லாம் விட்டுத் தோல் ஜெயித்ததற்குக் காரணங்கள் உண்டு.

தோல் நெய்யப்பட்டது அல்ல. அதன் நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கும். அதனால் கிண்ணமாக அழுத்தினாலும் பிரியாது. எண்ணெயையும் மெழுகையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும், அதனால் உராய்வு குறையும். சிலிண்டரின் உள்சுவர் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தாலும் சட்டென்று கிழியாது. அந்தக் காலத்து வார்ப்பிரும்பு சிலிண்டர்களுக்கு இது மிகவும் தேவைப்பட்டது.

பலவீனமும் உண்டு, முக்கியமாகச் சூடு. மரப்பட்டையில் பதனிட்ட தோல் ஈரத்தோடு சுமார் 70 முதல் 85 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டால் சுருங்கிவிடும். குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் 100 டிகிரி வரைக்கும், அதற்கு மேலும் தாங்கும். இன்னொன்று, காய்ந்தால் தோல் விறைத்துவிடும். சும்மா நிறுத்தி வைத்த மெஷினில் தோல் வாஷர் சீக்கிரம் கெடும்.

பட்டையா, குரோமா என்ற இந்தக் கேள்வி, பாலாற்றுக் கரையின் கதையும்தான்.

பாலாற்றங்கரையில்

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர் போனவை. (2019ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன.) பழைய முறையில் இங்கே தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டையால். அப்படிப் பாதி பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் போனது. அங்கே அதற்கு 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர். முதல் உலகப்போரில் ராணுவ பூட்ஸுக்காக அதற்குப் பெரிய கிராக்கி.

வாங்கியவர்கள் லண்டனில் அதை முழுமையாக்கி, பொருளாக்கி, நல்ல விலைக்கு விற்றார்கள். சுண்ணாம்புத் தொட்டியிலும் பட்டைத் தொட்டியிலும் நின்று உழைத்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். வணிகத்தை நடத்தியவர்களில் முஸ்லிம் வியாபாரிகள் அதிகம். இருவருக்குமே கிடைத்தது பாதிப் பொருளுக்கான விலைதான்.

குரோம் முறை தமிழ்நாட்டுக்கு வந்ததும் சுவாரசியமான கதை. அது ஷூவுக்காக வரவில்லை, தண்ணீருக்காக வந்தது! மாடு கட்டி இழுக்கும் கவலை ஏற்றம் பலருக்குத் தெரிந்திருக்கும். சில ஊர்களில் கமலை என்பார்கள். அதில் தண்ணீர் அள்ளும் சாலிலும், சாலின் வாலிலும் தோல் உண்டு. எந்நேரமும் தண்ணீரில் ஊறுவதால் பட்டைத் தோல் சீக்கிரம் அழுகிவிடும். ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், 1903ல் சென்னை கலைப் பள்ளியில் குரோம் முறைப் பதனிடலைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார். குரோம் தோல் தண்ணீரைத் தாங்கும் என்பதால் ஏற்றத்துக்கான தோல்தான் முதல் குறிகளில் ஒன்று. பிறகு தனியார் இறங்கினார்கள். சென்னைக்குப் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனி வந்தது. அதன் பெயரில்தான் இன்றைய குரோம்பேட்டை.

ஆக, விவசாயத்தில் தண்ணீரைத் தூக்கும் வேலையில் தோல் ஏற்கெனவே இருந்தது. டிராக்டர் வந்த பிறகு, எடையைத் தூக்கும் வேலை எண்ணெய்க்குப் போனது.

லோடர் வந்த கதை

டிராக்டரில் ஹைட்ராலிக்கைப் பிரபலமாக்கியவர் அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன். டிராக்டரின் பின்னால் மூன்று இடத்தில் கலப்பையை மாட்டி, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையை 1930களில் சந்தைக்குக் கொண்டு வந்தார். 1939ல் போர்டு கம்பெனியோடு சேர்ந்து அந்த முறையில் டிராக்டர் வெளிவந்தது. அதன் பிறகு டிராக்டர் இழுக்கும் வண்டி மட்டும் அல்ல, தூக்கும் வண்டியும் ஆனது. பெர்குசன் கம்பெனி 1953ல் மாசி ஹாரிஸோடு இணைந்தது. பின்னால் வந்த பெயர் மாசி பெர்குசன். அவர்களோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் 1960ல் தொடங்கியதுதான் டாஃபே.

பின்னால் தூக்க முடிந்தால் முன்னாலும் தூக்கலாமே? இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1945ல் சின்ன இடத்தில் டிரெய்லர் செய்து விற்க ஆரம்பித்தார். 1949ல் போர்ட்சன் மேஜர் டிராக்டரில் மாட்டுகிற மாதிரி ஹைட்ராலிக் லோடர் ஒன்றைக் கொண்டு வந்தார். 1953ல் பின்பக்கம் தோண்டும் கையும் வந்தது. அவர் பெயரின் மூன்று முதல் எழுத்துகள்தான் ஜேசிபி! 1979ல் எஸ்கார்ட்ஸோடு கூட்டாக இந்தியாவுக்கு வந்தது. இன்று எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் நம் ஊரில் அது 'ஜேசிபி'தான்.

லோடர் பரவிய இதே காலத்தில்தான் தோல் சிலிண்டரை விட்டு வெளியேறியது.

ஒரு வளையம் எல்லாவற்றையும் மாற்றியது

நீல்ஸ் கிறிஸ்டென்சன் டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்தவர். சரியான அளவில் வெட்டிய ஒரு பள்ளத்தில், குறுக்கே வெட்டினால் வட்டமாக இருக்கும் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டார். பள்ளம் வளையத்தைவிடக் கொஞ்சம் அகலம். அழுத்தம் வந்தால் வளையம் ஒரு பக்கமாக நகர்ந்து, நசுங்கி, இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அதுதான் ஓ ரிங். 1937ல் விண்ணப்பித்தார், 1939ல் காப்புரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப்போரில் விமானங்களின் ஹைட்ராலிக்குக்கு இது அவசியம் என்று அமெரிக்க அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. அவருக்குக் கொடுத்தது 75,000 டாலர். உலகத்தில் எத்தனை கோடி ஓ ரிங் விற்றிருக்கும் என்று நினைத்தால், மாட்ஸ்லேவின் 30 ஷில்லிங்தான் ஞாபகம் வருகிறது.

ஒரு பிரச்சினை பாக்கி இருந்தது. மரத்தில் இருந்து வரும் இயற்கை ரப்பர், பெட்ரோலிய எண்ணெயில் ஊறினால் உப்பிப் போய்விடும். அதனால்தான் ரப்பர் வந்த பிறகும் எண்ணெய் சிலிண்டரில் தோல் நீடித்தது. 1930களில் ஜெர்மனியில் நைட்ரைல் ரப்பர் வந்ததும் அந்தக் கவலையும் தீர்ந்தது. நைட்ரைல் எண்ணெயைத் தாங்கும், 100 டிகிரி வாக்கில் சூட்டையும் தாங்கும். பிறகு பாலியூரித்தேன், டெஃப்லான் எல்லாம் சேர்ந்தன.

தோல் ஒரே நாளில் போகவில்லை. அதிக அழுத்தத்தில் ஓ ரிங் இடைவெளிக்குள் பிதுங்கிக் கிழியாமல் இருக்க, அதன் பக்கத்தில் முட்டுக் கொடுக்கும் வளையமாகக் கொஞ்ச காலம் தோல்தான் இருந்தது. பிறகு அந்த இடத்தையும் டெஃப்லான் பிடித்துக்கொண்டது.

வணிகக் கணக்கில் பார்த்தால் தோல் தோற்றது தரத்தால் மட்டும் அல்ல. ஒரு தோலின் கழுத்துப் பக்கம் ஒரு தடிமன், வயிற்றுப் பக்கம் ஒரு தடிமன். இரண்டு வாஷர் ஒரே மாதிரி இருக்காது. ரப்பர் அச்சில் இருந்து ஆயிரம் வளையம் எடுத்தாலும் ஆயிரமும் ஒரே அளவு. எந்த ஊரில் வாங்கினாலும் பொருந்தும். மெஷின்கள் ஆயிரக்கணக்கில் உற்பத்தியாக ஆரம்பித்த பிறகு இந்த 'ஒரே அளவு'தான் ஜெயித்தது.

தமிழ்நாட்டிலேயே நடந்த அதே மாற்றம்

இந்த மாற்றம் எங்கோ வெளிநாட்டில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். கிராமத்துக் கைப்பம்பில் நம் கண் முன்னாலேயே நடந்தது.

1970களில் கிராமங்களில் போட்ட ஆழ்துளைக் கைப்பம்புகள் அடிக்கடி ரிப்பேராகிக் கிடந்தன. அதற்கு மாற்றாக யூனிசெப் உதவியோடு உருவானதுதான் இந்தியா மார்க் 2. சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் கிரட்டாஸ் நிறுவனம் அதன் உருவாக்கத்தில் இருந்தது, களச் சோதனை கோவைப் பகுதியில் நடந்தது. அந்தப் பம்பின் அடியில் தண்ணீரைத் தூக்கும் பிஸ்டனில் இருந்தது தோல் வாஷர். மாட்ஸ்லேவின் அதே கிண்ணம்!

தோல் தேய்ந்தால் பம்பு தண்ணீர் தராது. வாஷர் விலை சில ரூபாய்தான். ஆனால் அதை மாற்ற நிலத்துக்கு அடியில் இருக்கும் குழாய்களை எல்லாம் ஒவ்வொன்றாக மேலே இழுக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவி, தனி ஆட்கள், வண்டி. அவர்கள் வரும் வரைக்கும் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடப்பது பெண்கள்தான். 1983 முதல் 1988 வரை கோவை மாவட்டத்தில் நடந்த சோதனையில் தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் போட்டுப் பார்த்தார்கள். அது பல மடங்கு நாள் உழைத்தது. அதோடு, குழாயைப் பெரிதாக்கிப் பிஸ்டனை மட்டும் உருவி எடுக்கிற மாதிரி வடிவத்தையும் மாற்றினார்கள். அதுதான் இந்தியா மார்க் 3.

இதில் இருந்து ஒன்று தெரிகிறது. பழுதின் செலவு என்பது கெட்ட பொருளின் விலை அல்ல. அதை எட்டிப் பிடிக்க ஆகும் செலவும், மெஷின் நிற்கும் நாட்களும்தான். லோடருக்கும் இது அப்படியே பொருந்தும்.

இன்று ஒரு பழைய லோடரைப் பிரித்தால்

பழைய லோடர் சிலிண்டரில் ஒழுகல் இரண்டு வகை. ராடு வெளியே வரும் வாயில் எண்ணெய் கசிந்தால், கிளாண்டில் இருக்கும் ராடு சீல் போயிருக்கிறது. இது கண்ணுக்குத் தெரியும். பிஸ்டனின் சீல் போனால் எண்ணெய் உள்ளுக்குள்ளேயே ஒரு பக்கத்தில் இருந்து மறு பக்கத்துக்கு நழுவும். வெளியே சொட்டுக்கூட தெரியாது, ஆனால் கை வலுவிழக்கும்.

கை தானாக இறங்கினால் உடனே சிலிண்டரைக் குற்றம் சொல்லக்கூடாது. எண்ணெயைப் பூட்டி வைக்கும் கண்ட்ரோல் வால்வு தேய்ந்திருந்தாலும் கை இறங்கும். அனுபவம் உள்ள மெக்கானிக் முதலில் சோதிப்பார். கையைத் தரையில் முழுக்க இறக்கிவிட்டு, சிலிண்டரின் அடிப்பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயை அடைப்பார். பிறகு இறக்கும் பக்கம் அழுத்தம் கொடுப்பார். திறந்த வாயில் எண்ணெய் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. வராவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனை இல்லாமல் சீல் கிட் மாற்றி, திரும்பவும் கை இறங்குகிறதே என்று தலையில் கை வைத்தவர்கள் பலர். (எடையாலேயே கீழே இறங்கும் ஒற்றை வழி சிலிண்டருக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

உயிர் போகும் விஷயங்கள் இரண்டு. முதலாவது, தூக்கி நிற்கும் கைக்குக் கீழே நின்று எதையும் கழற்றக்கூடாது. பக்கெட் தரையில் இருக்க வேண்டும், இஞ்சின் நின்றிருக்க வேண்டும், லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி மிச்ச அழுத்தத்தை விட வேண்டும். இரண்டாவது, ஹோஸில் ஊசித் துளை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கக்கூடாது. அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உடம்புக்குள் போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே கை அழுகும் அளவுக்கு ஆகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒழுகலைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும்.

பிரித்த பிறகு வேலை லேத்துப் பட்டறையில். பழைய இங்கிலாந்து வடிவ மெஷின்கள் பலவற்றில் அளவு அங்குலத்தில் இருக்கும். 'கிட்டத்தட்ட அதே அளவு' என்று மில்லிமீட்டர் சீலைப் போட்டால் சீக்கிரமே ஒழுகும். அதனால் சீலை மட்டும் அல்ல, அது உட்காரும் பள்ளத்தையும் அளக்க வேண்டும். சிலிண்டரின் உள்சுவரில் கீறல் இருந்தால் ஹோனிங் செய்ய வேண்டும். ராடு வளைந்திருந்தாலோ, துருப் புள்ளி விழுந்திருந்தாலோ புது சீல் போட்டுப் பயன் இல்லை. அந்தப் புள்ளி அரம் மாதிரி சீலை அறுக்கும். ராடை நேராக்கி, கடைந்து, மறுபடி குரோமிங் செய்ய வேண்டும்.

கவனித்தீர்களா? இங்கேயும் குரோமியம்! ராடின் பளபளப்பும் குரோமியம், டேனரியில் தோலுக்கு வரும் நீல நிறமும் குரோமியம். அதன் விலையையும் இந்த மண் கொடுத்திருக்கிறது. தோலுக்கான குரோமிய உப்பு செய்த ராணிப்பேட்டை தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் 1995 வாக்கில் மூடப்பட்டபோது, ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. டேனரிக் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்ததற்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்திய சட்டத்தில் உறுதியானது அந்தத் தீர்ப்பில்தான்.

தோல் போனது, சிலிண்டர் வந்தது

1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது. பாதிப் பொருளாக விற்காதே, முழுப் பொருளாக விற்பனை செய் என்பதுதான் அதன் அர்த்தம். ஆம்பூர் ஷூ ஊரானது இதன் பிறகுதான். முழுத் தோல் செய்ய மெஷின்கள் தேவைப்பட்டன. ஈரத்தைப் பிழியும் மெஷின், இஸ்திரி போடும் பிளேட்டிங் பிரஸ், டிசைன் பதிக்கும் எம்பாசிங் பிரஸ். இவற்றை அழுத்துவது எது? ஹைட்ராலிக் சிலிண்டர்! ஒரு காலத்தில் சிலிண்டருக்குள் இருந்து எண்ணெயைத் தடுத்த தோல், இன்று சிலிண்டருக்குக் கீழே படுத்து அழுத்தப்படுகிறது. அந்தப் பிரஸ்ஸுக்குள் இருக்கும் சீல் ரப்பரோ பிளாஸ்டிக்கோதான்.

தோல் வாஷர் திரும்பி வராது. அது நல்லதுதான், ரப்பர் அதைவிட நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ரப்பர் எடுத்துக்கொண்டது தோலின் இடத்தை மட்டும்தான், அதன் தத்துவத்தை அப்படியே வைத்துக்கொண்டது. இன்று கடையில் வாங்கும் யு வடிவ சீலைக் கையில் எடுத்துப் பாருங்கள். மடிந்த விளிம்பு, நடுவில் பள்ளம். 1790களில் தோலில் அழுத்திய அதே வடிவம்.

அதை மாட்டும்போது மெக்கானிக் ஒரு நொடி நிறுத்தித் திருப்பிப் பார்ப்பார். திறந்த விளிம்பு எண்ணெய் அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் புது சீலும் முதல் நாளே ஒழுகும். வாரம் 30 ஷில்லிங் வாங்கிய ஒருவர் தோலில் கண்டுபிடித்ததை, பெயர் தெரியாமலே, ஒவ்வொரு பட்டறையிலும் இன்றும் அப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.